மெடிக்கல் லீவ் சீட்டுக்குத் தனிக் காசு: சேலத்தில் எங்கே கொடுக்கலாம், எங்கே கூடாது

"சர்டிபிகேட்டுக்குத் தனிங்க."

கன்சல்டிங் ஃபீஸ் கட்டியாகிவிட்டது, ஊசி போட்டாகிவிட்டது, மாத்திரையும் வாங்கியாகிவிட்டது. ஆபீஸில் கொடுக்க ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்டதும் ரிசப்ஷனிலிருந்து வரும் பதில் இது. சேலத்தில் இதற்கு ஒரே விலை என்று ஒன்று கிடையாது. பழக்கமான குடும்ப டாக்டர் கேட்பதே இல்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் 50, 100 என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் 300, 500. இன்ஷூரன்ஸ் படிவமும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். பெரும்பாலும் எந்தச் சுவரிலும் இதை எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள்.

தனி ஒரு டாக்டரையோ ஆஸ்பத்திரியையோ இங்கே எடைபோடவில்லை. லீவ் சீட்டு வாங்க இந்த ஊரில் இருக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, கொடுக்கும் காசுக்கு அந்தச் சீட்டு ஆபீஸில் நிற்குமா என்று பார்க்கிறோம். காசு வாங்குவதே தப்பு என்று சொல்ல மாட்டோம். பரிசோதித்து, பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்துப் போட்டு, நாளைக்கு விசாரணை வந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் டாக்டர் ஏற்கிறார். அதுவும் வேலைதான். ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் கடைசியில் தொகையை நீட்டுவது அநியாயம். அதைவிட அநியாயம், காசை வாங்கிக்கொண்டு, ஆபீஸ் கிளார்க் ஒரே பார்வையில் திருப்பி அனுப்பும் சீட்டை எழுதிக் கொடுப்பது. இரண்டாம் முறை அலைச்சல், இரண்டாம் முறை ஃபீஸ், அதற்குள் சம்பளப் பட்டியல் போய்விடும்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. டாக்டர்களின் தொழில் நடத்தைக்கு இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புது விதிகளை வெளியிட்டு அதே மாதம் நிறுத்திவைத்ததால், பழையதே தொடர்ந்தது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும், கன்சல்டிங் அறையில் கட்டணம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது மூன்றிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சான்றிதழுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்ற உச்சவரம்பு மட்டும் அதில் இல்லை. அதனால் "அதிகமா கேக்கறீங்க" என்று சண்டை போட்டால் ஜெயிப்பது கஷ்டம். "முன்னாடியே ஏன் சொல்லலை, ரசீது குடுங்க" என்று கேட்டால் உங்கள் பக்கம் விதி நிற்கும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு எங்கள் அளவுகோல் இது. அதே நோய்க்கு அதே டாக்டரிடம் அன்றைக்கே வைத்தியம் பார்த்து, ஒரு பக்கச் சீட்டு எழுதினால், அது கன்சல்டிங் ஃபீஸிலேயே அடங்க வேண்டும். 100 வரை கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடலாம். குணமான பிறகு, வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் ஃபிட்னஸ் சான்றுக்காகத் தனியாகப் போனால் மறுபடி பரிசோதிக்கிறார்கள், ஆகவே முழு கன்சல்டிங் ஃபீஸ் நியாயம். பழைய ஃபைலை எடுத்துப் பார்த்து நாலைந்து பக்கம் நிரப்ப வேண்டிய படிவத்துக்கு 300, 500 கேட்பதும் நியாயம்தான். நாள் கணக்கில் ரேட் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று நாள் என்று எழுதினாலும் பத்து நாள் என்று எழுதினாலும் பேனாவுக்கு ஒரே வேலை. நாளுக்கு இவ்வளவு என்றால் அங்கே விற்பது லீவ். அந்த மாதிரிச் சீட்டுக்குப் பின்னால் ஓபி பதிவு இருக்காது, ரிஜிஸ்டர் இருக்காது. ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் எழுதி உறுதி கேட்டால் போதும், மாட்டிக்கொள்வது சீட்டை ஆபீஸில் கொடுத்தவர்தான். பொய்ச் சான்று எழுதின டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க மேற்படி விதிகளில் இடமிருக்கிறது. தெரிந்தே அதைப் பயன்படுத்துவது குற்றவியல் சட்டப்படியும் குற்றம்.

சீட்டு கைக்கு வந்ததும்

ரிசப்ஷனை விட்டு நகராமல் அங்கேயே நின்று படியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்த டாக்டர் அடுத்த நாள் சாயங்காலம்தான் வருவார்.

நல்ல கிளினிக்குகளில் இதற்கென்று அடிக்கட்டையோடு அச்சடித்த புக் வைத்திருப்பார்கள். 2002 விதிகளின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கும் மாதிரிதான் அதில் இருக்கும். அதன் தலைப்பிலேயே நோயாளி கையெழுத்துப் போட ஒரு இடம் உண்டு. டாக்டர் முன்னால் போட வேண்டிய கையெழுத்து அது. கீழே டாக்டர் "மேலே கையெழுத்திட்டுள்ள இவர்" என்றுதான் எழுதுகிறார், ஆகவே மேலே கையெழுத்து இல்லாவிட்டால் கீழே இருப்பது யாரைப் பற்றியது என்ற கேள்வி வந்துவிடும். திரும்பி வரும் சீட்டுகளில் இந்தக் கட்டம் காலியாக இருப்பது சர்வசாதாரணம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. அதை ஒட்டி அங்க அடையாளம்: "வலது புருவத்தின் மேல் மச்சம்" என்பது போல ஒன்றாவது இருக்க வேண்டும். பணிப்பதிவேட்டில் என்ன அடையாளம் எழுதியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள். பிறகு முகவரி, நோயின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள், உடல் தேற அந்த ஓய்வு கட்டாயம் தேவை என்ற வரி, டாக்டரின் கையெழுத்து, பெயர், பதிவு எண், தேதி, சீல்.

இதில் தவறும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மருந்துச் சீட்டின் அடியில் "5 நாள் ஓய்வு" என்று எழுதி சீல் குத்திக் கொடுத்துவிடுவார்கள். அது மருத்துவ ஆலோசனை, சான்றிதழ் ஆகாது. சில தனியார் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளும், அரசு அலுவலகம் ஒப்புக்கொள்ளாது. அடுத்தது நோயின் பெயர். "உடல்நலம் சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது, வைரஸ் காய்ச்சல், முதுகுத் தண்டு வட்டு விலகல் என்று பெயர் வேண்டும். நோய் என்ன என்பது ஆபீஸில் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடலாம். பொய்யாக வேறு நோயை எழுதச் சொல்லாதீர்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்று பொதுப்படையாகவும் உண்மையாகவும் எழுத வழி இருக்கிறது. எழுதினதைத் திருத்தியிருந்தால் பக்கத்தில் டாக்டரின் சின்னக் கையெழுத்து வேண்டும்.

சீல் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஊதா மையில் குத்தின சீல் கையெழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிடும். சரிபார்க்கிறவர் அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் தேடுவார். படிக்க முடியவில்லை என்றால் சீட்டு திரும்பி வரும். பக்கத்தில் பேனாவில் எண்ணை ஒருமுறை எழுதித் தரச் சொன்னால் பத்து நொடி வேலை. பெயரும் அப்படித்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பணிப்பதிவேட்டில் முன்னால், கிளினிக் கம்ப்யூட்டரில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருக்கும். ஆபீஸில் இருப்பதைப் போலவே எழுதச் சொல்லுங்கள்.

சான்றிதழ் கொடுக்கும் டாக்டர் அதற்கென ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்க வேண்டும், நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வரிசை எண் உங்கள் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். எங்கள் பார்வையில் ஒரு கிளினிக்கின் தரத்தைச் சொல்லும் அடையாளம் இதுதான். எண் இருந்தால் 200 ரூபாய்கூடக் கொடுக்கலாம். எண் இல்லாத சீட்டு இலவசமாகக் கிடைத்தாலும் ஆபத்து.

தேதியில் போகும் லீவ்

பணம் போவதைவிடத் தேதித் தவறில் போகும் லீவ் அதிகம். மத்திய அரசு ஊழியர்களுக்கு, அதாவது தபால், வருமான வரி போன்ற துறைகளில் இருப்பவர்களுக்கு, 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகள். மருத்துவ விடுப்பில் போனவர் ஃபிட்னஸ் சான்று கொடுக்காமல் வேலையில் சேர முடியாது. அந்தச் சான்றில் எந்தத் தேதி போட்டிருக்கிறதோ, அந்த நாள் விடுமுறையாக இருந்தால் அதுவும் அதைத் தொடர்ந்து வரும் விடுமுறை நாட்களும் லீவ் கணக்கில் சேராது. அந்தத் தேதிக்கு முன்னால் வரும் விடுமுறை லீவாகவே கணக்காகும்.

ஒரு உதாரணம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் ஓய்வு. சனி, ஞாயிறு ஆபீஸ் விடுமுறை. சனிக்கிழமையே டாக்டரிடம் போய்க் காட்டி, அன்றைய தேதியில் ஃபிட்னஸ் வாங்கினால் லீவ் ஐந்து நாள்தான். "திங்கக்கிழமை போற வழியில வாங்கிக்கலாம்" என்று விட்டால் ஏழு நாள். இதை கம்யூடெட் லீவாக, அதாவது அரைச் சம்பள லீவை மாற்றி முழுச் சம்பளத்தோடு எடுக்கும் லீவாக எடுத்தால் அரைச் சம்பள லீவ் கணக்கில் இரட்டிப்பாகக் கழியும், ஆகவே இரண்டு நாள் சோம்பலுக்கு நாலு நாள் போய்விடும். அரைச் சம்பள லீவ் ஆண்டுக்கு 20 நாள்தான் சேருகிறது. சனிக்கிழமை கன்சல்டிங் ஃபீஸ் எவ்வளவாக இருந்தாலும் அதைக் கொடுப்பதுதான் லாபம். திங்கட்கிழமை போய் சனிக்கிழமை தேதி போடச் சொல்வது மட்டும் கூடாது.

முன்தேதி போடச் சொல்லி டாக்டரை நெருக்குவது ஊரில் ரொம்பச் சகஜமாகிவிட்டது. நேர்மையான டாக்டர் மறுப்பார், மறுக்கவும் வேண்டும். சான்றிதழில் எழுதின தேதி இன்றைய தேதியாகத்தான் இருக்க முடியும். ஆனால் நோய் இருந்த காலம் பழையதாக இருக்கலாம், அதற்குப் பதிவு இருக்க வேண்டும். பத்தாம் தேதி ஓபியில் காட்டினது, பன்னிரண்டில் ரத்தப் பரிசோதனை, பதினான்கில் மறுபடி காட்டினது என்று தாள்கள் இருந்தால், பதினான்காம் தேதி எழுதும் சீட்டில் "10 முதல் 14 வரை என் சிகிச்சையில் இருந்தார்" என்று தாராளமாக எழுதலாம். சின்னக் காய்ச்சலுக்கு இதுதான் சுலபமான வழி: முதல் நாள் காட்டி ஓபி சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், தேறினதும் போய் ஓய்வுக் காலமும் ஃபிட்னஸும் ஒரே தாளில் வாங்குங்கள். ஒரு சீட்டு, ஒரு கட்டணம். வீட்டில் பாராசிட்டமால் போட்டுப் படுத்திருந்துவிட்டு ஐந்தாம் நாள் டாக்டரைத் தேடிப் போகிறவருக்கு இந்த வழி கிடையாது.

வாட்ஸ்அப்பில் பேசினால் பிடிஎஃப் அனுப்புகிறேன் என்று ஆன்லைனில் விற்கும் சீட்டுகளைப் பற்றி ஒரு வரி போதும். டாக்டர் முன்னால் போட வேண்டிய கையெழுத்தையும் பார்த்து எழுத வேண்டிய அங்க அடையாளத்தையும் அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

எங்கே வாங்குவது

ஒற்றை டாக்டர் கிளினிக். அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, சூரமங்கலம் என்று ஒவ்வொரு பேட்டைக்கும் பல தலைமுறைக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருப்பார். லீவ் சீட்டுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். உங்களைப் பரிசோதித்தவரே எழுதுகிறார், அவரே கையெழுத்துப் போடுகிறார், நாளைக்கு ஆபீஸிலிருந்து கேட்டாலும் அவரே பதில் சொல்வார். குறை என்னவென்றால் ரசீது. கேட்டால்தான் தருவார்கள், சில இடத்தில் கேட்டாலும் தயங்குவார்கள். உள்ளே போகும்போதே, "டாக்டர், எனக்கு ஆபீஸுக்கு எம்.சி. வேணும், ஃபீஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டுவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை. ஜிபே, ஃபோன்பே வழியாகக் கட்டினால் குறிப்பு இடத்தில் "எம்.சி. கட்டணம்" என்று எழுதுங்கள், ரசீது இல்லாத இடத்தில் அதுவாவது தேதியோடு நிற்கும்.

பெரிய ஆஸ்பத்திரி. ஓமலூர் மெயின் ரோடு, ஐந்து ரோடு, ஸ்வர்ணபுரி வட்டாரத்தில் இருப்பவை. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, இதய நோய் என்றால் வேறு வழியில்லை, வைத்தியம் பார்த்த இடத்தில்தான் சீட்டும் வாங்க வேண்டும். பில்லில் "டாக்குமென்டேஷன்" என்றோ "சர்டிபிகேட் சார்ஜ்" என்றோ வரும், ரசீதும் ஒழுங்காக வரும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆபரேஷன் செய்த ஸ்பெஷலிஸ்ட் வாரத்தில் சில நாள் மாலை மட்டும் வருவார். அவசரத்துக்கு டியூட்டி டாக்டர் கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரியின் வட்டச் சீலைக் குத்திக் கொடுப்பார். ஆஸ்பத்திரி சீல் இருக்கும், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்காது. சான்று கொடுப்பவர் டாக்டர், கட்டடம் இல்லை. எண் எழுதாத சீட்டுக்குக் காசு கட்டாதீர்கள். இந்தப் பிரச்சினையைத் தவிர்க்க ஒரே வழி, டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டுவதற்கு முன்பே வார்டு சிஸ்டரிடம் சொல்லி, "டிஸ்சார்ஜ் சம்மரியில எத்தனை வாரம் ரெஸ்ட்டுன்னு டாக்டர எழுதச் சொல்லுங்க மேடம்" என்று கேட்பது. சம்மரியில் அந்த வரி இருந்தால் பின்னால் யார் சீட்டு எழுதினாலும் அதை ஒட்டி எழுத முடியும்.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் முதல் பகுதி பாலிசிதாரர் நிரப்புவது, இரண்டாம் பகுதி ஆஸ்பத்திரி நிரப்புவது. இரண்டாம் பகுதிக்குத் தனிக் கட்டணம் கேட்டால் ரசீதோடு கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரிக்கே தனிக் காசு கேட்டால் எங்கள் கருத்தில் அது ஒப்புக்கொள்ளக் கூடாதது. கேஸ் ஃபைல் நகல் கேட்டு எழுத்தில் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. மூன்று வருடம் வரை பதிவுகளை வைத்திருக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. ஜெராக்ஸ் செலவு நம்முடையது.

ஜி.எச். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கன்சல்டிங் ஃபீஸ் இல்லை, செலவு முழுக்க நேரம். அரசு டாக்டர் எழுதின சீட்டைப் பொதுவாக ஆபீஸில் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நடைமுறை தெரியாமல் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். அங்கே ஒவ்வொரு துறையிலும் யூனிட் யூனிட்டாகப் பிரித்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓபி கிழமை தனி. திங்கட்கிழமை காட்டிவிட்டுப் புதன்கிழமை சீட்டு கேட்டுப் போனால் உட்கார்ந்திருப்பது வேறு யூனிட். உங்களைப் பார்க்காத டாக்டர் எழுத மாட்டேன் என்பார், அவர் சொல்வது சரிதான். காட்டின அன்றைக்கே கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் அதே கிழமை அதே ஓபி சீட்டோடு போங்கள். உள்நோயாளியாக இருந்தவர்கள் வார்டை விட்டுக் கிளம்புவதற்குள் வாங்கிவிட வேண்டும். கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப எடுப்பதற்கே தனி மனு, தனி நாள்.

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்து, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம் போகிறவர்கள் தனியார் கிளினிக்கில் சீட்டுக்குக் காசு கொடுப்பது எங்களுக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம். மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் பலருக்கு இது தெரியவே இல்லை. இஎஸ்ஐ மருந்தகத்து டாக்டர் கொடுக்கும் சான்று இலவசம், அதுமட்டுமல்ல, அந்தச் சான்றுதான் பணத்தையும் கொண்டுவருகிறது. ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா போயிருந்தால், நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. முந்தைய நோய்க்கு உதவித்தொகை வாங்கி 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்த இரண்டு நாள் கழிப்பு இல்லை. சராசரி கூலி 500 என்று வையுங்கள். பத்து நாள் படுத்தால் எட்டு நாளுக்கு 350 வீதம் 2,800 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். தனியார் டாக்டரின் சீட்டைக் கொண்டுபோனால் இஎஸ்ஐ அதை மாற்றுச் சாட்சியமாக எடுத்துப் பரிசீலிக்கும், உடனே பணம் என்ற உறுதி இல்லை. ராத்திரி அவசரத்துக்குத் தனியாரிடம் போனாலும் மறுநாள் காலையில் மருந்தகத்தில் காட்டிப் பதிந்துவிடுங்கள்.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஷோரூம் ஊழியர்களுக்கு ஒரு தகவல். 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு இருக்கிறது, தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. ஒரு நாள் காய்ச்சலுக்கு எம்.சி. கேட்கும் கடைகளில், கன்சல்டிங் ஃபீஸும் சீட்டுக் காசும் சேர்த்தால் அன்றைய கூலியே போய்விடும். ஒரு நாள், இரண்டு நாளுக்கு மருந்துச் சீட்டும் மெடிக்கல் பில்லும் போதும் என்று முதலாளிகளே ஒப்புக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. மாநில அரசு ஊழியர்கள் சிலரும் இரண்டு நாள் தலைவலிக்குச் சீட்டு தேடி அலைகிறார்கள். தற்செயல் விடுப்பு கையில் இருக்கும்போது அதற்குச் சான்றே வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து வரும் படிவம்

இது சேலத்து டாக்டர்களுக்கே புதிது. அம்மாவுக்கு இங்கே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ மகளோ வருகிறார்கள். அங்கே 1993-ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி, தகுதியுள்ள ஊழியருக்கு 12 வாரம் வரை சம்பளமில்லா விடுப்பு உண்டு, வேலை போகாது. அதற்கு அவர்கள் கம்பெனி டபிள்யூஎச்-380-எஃப் என்ற படிவத்தைக் கேட்கும். நிரப்ப வேண்டியவர் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், அதாவது சேலத்து டாக்டர். நோயாளி வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டு டாக்டரின் சான்றை ஏற்க வேண்டும் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மட்டும் மொழிபெயர்ப்பு கேட்கலாம்.

முதல் சான்றின் செலவு ஊழியருடையது என்பதுதான் அங்கத்திய சட்டம். அதனால் அங்கே டாக்டர் ஆபீஸ்கள் இதற்கென்று தனிக் கட்டணம் வாங்குவது வழக்கம். இங்கேயும் 500 கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் கேள்விகள் நுணுக்கமானவை. நோய் எப்போது தொடங்கியது, எத்தனை நாள் படுக்கை, எந்தெந்தத் தேதியில் சிகிச்சை, பக்கத்தில் ஆள் எதற்காக வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். "தேவைப்படும் வரை" என்று எழுதினால் திரும்பி வரும். "6 வாரம்" என்று எண்ணில் எழுத வேண்டும். கேட்ட நாளிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுப்பார்கள், குறை இருந்தால் திருத்த இன்னும் 7 நாள். ஆபரேஷன் தேதி முடிவானதுமே படிவத்தைப் பிரிண்ட் எடுத்து, நோயாளி விவரங்களையும் தேதிகளையும் ஒரு துண்டுத்தாளில் தனியாக எழுதி இணைத்துக் கொடுத்தால் டாக்டர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். வெறும் படிவத்தை நீட்டினால் மேஜை அடியில் ஒரு வாரம் கிடக்கும்.

தகராறு வந்தால்

100, 200 ரூபாய்க்குப் புகார் என்று கிளம்ப யாருக்கும் நேரமில்லை. ஆனால் சீட்டு தர மறுப்பது, ரெக்கார்டு தர மறுப்பது, ரசீது இல்லாமல் பெரிய தொகை வாங்குவது என்றால் விடக்கூடாது. முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். ஆஸ்பத்திரி பற்றியது என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு அவர் கையில் இருக்கிறது. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போடலாம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

மலையில் இருப்பவர்களுக்குச் சீட்டின் விலை பெரிதில்லை, பஸ்தான் பெரிது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து, டாக்டருக்குக் காத்திருந்து, மறுபடி ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. ஃபிட்னஸுக்கு இன்னொரு தடவை என்றால் இரண்டு நாள். அதனால் ஏற்காடு அரசு மருத்துவமனையில் முடிகிற காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்னக் காயத்துக்கு அங்கேயே காட்டி அங்கேயே வாங்குங்கள். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் அதுதான் கிட்டே. எஸ்டேட் வேலை என்றால், டாக்டர் சான்றின் பேரில் நோய்க்கால உதவித்தொகை தரும் ஏற்பாடு 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே வருவது. கீழே இறங்குவதற்கு முன் எஸ்டேட் ஆபீஸில், எந்த டாக்டர் சான்றை ஏற்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில்தான் காட்டியாக வேண்டும் என்றால், மறுபரிசோதனைக்கு டாக்டர் கொடுக்கும் தேதியையும் ஃபிட்னஸ் தேதியையும் ஒன்றாக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். தையல் பிரிக்கும் நாளிலேயே ஃபிட்னஸும் எழுதிவிட முடியுமா என்று முதல் நாளே கேட்டால் பல டாக்டர்கள் காயம் ஆறுவதைப் பொறுத்து ஒத்துக்கொள்வார்கள். சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே மழையும் பனியும். ஊதா மை சீல் ஒரு தூறலுக்கே கரைந்துவிடும். அடிவாரம் தாண்டுவதற்கு முன் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை ஆபீஸில் கொடுக்கும்போது ஒரு ஜெராக்ஸில் "பெற்றேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.